பிள்ளை வரையும்போது பெற்றோர் எங்கே உட்கார வேண்டும்?

வாசகர் கேள்வி

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு தாயார் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு எட்டு வயது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்கு நான்கு வயது. மகள் இரண்டு ஆண்டுகளாகப் பரதம் கற்கிறாள். ஆனால் கடந்த மூன்று மாதங்களாக வகுப்புக்குப் புறப்படும் நேரம் வந்தாலே அழுகிறாள். சனிக்கிழமை காலையில் வண்ணம் தீட்டும் வகுப்புக்கும் அனுப்புகிறோம். மகனையும் அங்கேயே சேர்க்கச் சொல்கிறார்கள்; அவனோ தாளில் வட்டம் வட்டமாகக் கிறுக்குவதோடு சரி. கணவர் லாரி ஓட்டுகிறார். நான் மருத்துவமனையில் ஷிப்டு வேலை செய்கிறேன். எல்லோரும் சேர்ந்திருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த நாளும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பாக இறக்கி ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமனார், 'இந்தக் காசை டியூஷனுக்குக் கொடுத்தாலாவது உருப்படும்' என்கிறார். குடும்பமாகச் சேர்ந்து கலையில் ஈடுபட இந்நகரில் வழி இருக்கிறதா? எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது? அடுத்த மாதம் பேரங்காடி ஒன்றில் வண்ணம் தீட்டும் போட்டி நடக்கிறது. அதற்கு மகளை அனுப்பலாமா?"

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சனிக்கிழமை முழுவதும் 'இறக்கி ஏற்றுவதிலேயே' போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளையை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுக் காரிலோ வாசற்படியிலோ கைப்பேசியோடு காத்திருப்பது என்கிற வழக்கம் நம் குடும்பங்களில் ஊறிப்போய்விட்டது. எட்டு ஒன்பது வயது வரையிலாவது, பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கையாலும் எதையாவது செய்கிற நிகழ்ச்சிகளையே முதலில் தேடுங்கள் என்பது என் ஆலோசனை. 'தங்கள் கையாலும்' என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சமூக மண்டபத்தில் என் முதல் குடும்ப ஓவியப் பட்டறையை நடத்தினேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெரிய தாள், ஒரு தட்டு வண்ணம், நான்கு தூரிகைகள் என்று கொடுத்தேன். கால் மணி நேரத்துக்குள் எல்லாத் தூரிகைகளும் பெரியவர்கள் கைக்குப் போய்விட்டன. "அங்கே இல்லடா, இங்கே" என்ற குரல்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன், விரலில் காய்ந்துபோன பசையை மெல்ல மெல்ல உரித்து, அந்தத் துணுக்குகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அன்று காலை அவன் தன் கையால் செய்தது அது ஒன்றுதான். பட்டறை முடிந்தபோது மண்டபச் சுவரில் அழகழகான படங்கள் தொங்கின: இரண்டு மலைக்கு நடுவில் சூரியன், குடிசை, தென்னை மரம். அவற்றில் ஒன்றுகூடப் பிள்ளைகள் வரைந்தது இல்லை. பெற்றோர்மீது அதில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே தாளைக் கொடுத்தது என் தவறு.

அடுத்த முறை ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். ஒருவர் தாளில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று ஒரே ஒரு விதியையும் வைத்தேன். முதல் பத்து நிமிடம் பெரியவர்கள் தவித்துப் போனார்கள். 'எனக்கு வரைய வராதே, டீச்சர்' என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பென்சிலையே தொடாத ஓர் அம்மா, வெகுநேரம் யோசித்துவிட்டுத் தன் பாட்டியின் ரப்பர் பால்வாளியையும் மரம் சீவும் உளியையும் வரைந்தார். கோடுகள் கோணல்மாணலாகத்தான் இருந்தன. பக்கத்திலிருந்த மகள், "இது என்னம்மா?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த அம்மா தோட்டத்து லயன் வீட்டைப் பற்றியும், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன பாட்டியைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். வீடு திரும்பும்போது அந்தப் பெண்ணின் தாளில், அவள் நேரில் பார்த்தே இராத ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன; ஒவ்வொரு மரத்திலும் ஒரு சின்னக் கிண்ணம் கட்டியிருந்தது. எந்த வகுப்புக்கு எவ்வளவு கட்டணம் கட்டினாலும், அம்மா பக்கத்தில் உட்காராமல் அந்தப் பெண்ணுக்கு அந்தப் படம் கிடைத்திருக்காது. ஆகவே எந்த நிகழ்ச்சியில் பெயர் பதிவதாக இருந்தாலும், "பெற்றோருக்கும் தனியாகத் தாளும் வண்ணமும் தருவீர்களா?" என்று முதலில் கேளுங்கள்.

இனி மகனைப் பற்றி. அவன் வட்டம் வட்டமாகக் கிறுக்குவதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அது நல்ல செய்தியாகப் படுகிறது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி பயிற்றுவித்த விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை 1947இல் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். இன்றும் ஆசிரியர் பயிற்சியில் அது எடுத்தாளப்படுகிறது. ஏறத்தாழ 2 முதல் 4 வயது வரை கிறுக்கல் பருவம். 4 முதல் 7 வரை உருவங்கள் மெல்ல அரும்பும் பருவம். 7 முதல் 9 வரை, வீட்டுக்கு இப்படி, மரத்துக்கு இப்படி, மனிதனுக்கு இப்படி என்று பிள்ளை தனக்கென ஒரு வடிவத்தை நிலைநிறுத்திக்கொள்ளும் பருவம். உங்கள் மகன் முதல் இரண்டு பருவங்களுக்கும் நடுவாசலில் நிற்கிறான். தொடங்கிய இடத்துக்கே கோடு திரும்பி வந்து வட்டம் மூடிக்கொள்ள வேண்டுமானால் கண்ணும் மணிக்கட்டும் ஒத்துப்போயிருக்க வேண்டும். இன்னும் சில மாதங்களில் அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி விழும். பிறகு வட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு இறங்கும். தலையிலிருந்தே கால் முளைத்த அந்த மனிதர் பெரும்பாலும் நீங்களாகவோ உங்கள் கணவராகவோ இருப்பீர்கள். அந்தத் தாளில் தேதியை எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வரைந்த கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் வேலையை இந்த வயதில் அவனுக்குக் கொடுக்க வேண்டாம்.

மகள் போகும் வண்ண வகுப்பையும் இந்த ஆண்டு நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஆயில் பாஸ்டல் என்னும் எண்ணெய் வண்ணக்குச்சியை அடர்நீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கு விரலால் தேய்த்துக் கொண்டுபோவது ஒரு கைத்திறன்தான். அதைக் கற்றுத்தரும் ஆசிரியர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தன் வடிவங்களைத் தானே உருவாக்கும் வயதில் இருக்கும் பிள்ளை, வாரந்தோறும் பிறர் அச்சடித்துக் கொடுத்த வடிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தால், வெற்றுத் தாளைக் கண்டதும் அஞ்சத் தொடங்குகிறது. உங்கள் மகளிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்துப் பாருங்கள். "என்ன வரையணும்?" என்று அவள் கேட்டால் அந்த அச்சம் வந்துவிட்டது என்று பொருள். வேறு ஓவிய வகுப்பைப் பின்னர் தேடும்போது, சென்ற மாதம் அங்குப் படித்த பிள்ளைகள் எல்லோருடைய படங்களையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். இருபது படங்களும் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருந்தால், அவை ஆசிரியரின் படங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாமா, பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுமுன் உங்களிடம் கேட்பார்களா என்பவற்றையும் கேட்டுவிடுங்கள். இவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பரதத்தை உடனே நிறுத்த வேண்டாம். அதேபோல, அழுதாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றும் வற்புறுத்த வேண்டாம். முதலில் காரணம் தெரிய வேண்டும். "ஏன் அழுகிறாய்?" என்று நேராகக் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. நான் பெற்றோருக்குச் சொல்லித்தரும் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் ஒருநாள் அவளை டீச்சராக இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மாணவியாக நில்லுங்கள். முழங்காலைப் பாதி மடித்து அரைமண்டியில் அமர்ந்து, காலைத் தரையில் தட்டும் தட்டடவைப் போடுங்கள், தவறாகவே போடுங்கள். அப்போது அவள் உங்களிடம் எப்படிப் பேசுகிறாள் என்று கவனியுங்கள். "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்கிறாளா, "எத்தனை தடவை சொல்றது, அறிவிருக்கா?" என்கிறாளா? முழங்கால் வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் உட்காரச் சொல்கிறாளா, தொடரச் சொல்கிறாளா? தட்டுக்கழியின் தாளத்தை எவ்வளவு வேகமாகத் தட்டுகிறாள்? வகுப்பில் என்ன நடக்கிறது என்பதில் பாதி அந்தப் பத்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

என் அனுபவத்தில், இரண்டாம் ஆண்டை ஒட்டி வரும் இப்படிப்பட்ட அழுகைக்குப் பெரும்பாலும் எளிய காரணங்களே இருக்கின்றன. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நன்றாக ஆடிய பிள்ளையால் வேகம் கூடும் இரண்டாம் மூன்றாம் காலத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இருக்கலாம். உடன் ஆடிய தோழி வகுப்பை விட்டுப் போயிருக்கலாம். தேர்வுக்காகப் பெரிய பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கலாம். இரண்டு வாரம் வகுப்பில் நீங்களே ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிறகு குருவைத் தனியாகச் சந்தித்து, பிள்ளை தடுமாறுகிறாள், சில மாதங்களுக்குக் கீழ்நிலைக் குழுவில் ஆடட்டுமா என்று பணிவோடு கேளுங்கள். நல்ல குரு அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். அடுத்த பள்ளி விடுமுறை வரை ஒரு தவணை வையுங்கள். அப்போதும் அவளுக்கு மனம் ஒப்பவில்லையென்றால், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாமல், குருவை வணங்கி விடைபெற்று வாருங்கள். பின்னொரு நாள் அவளே திரும்பிப் போக விரும்பினால் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். ஆனால் அடியோ அவமதிப்போ, உங்களிடம் சொல்லக் கூடாது என்று யாராவது அவளை மிரட்டியதோ காரணம் என்று தெரிந்தால், தவணை எதுவும் வேண்டாம், அன்றே நிறுத்திவிடுங்கள்.

ஆடலை விட்டாலும் இசையின் பக்கம் போகலாம். பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியால் 1981இல் நிறுவப்பட்டது. அங்கு நடனத்தோடு வாய்ப்பாட்டும் இசைக்கருவிகளும் கற்பிக்கிறார்கள். உங்களுக்கு இன்னும் பக்கத்தில், தித்திவங்சாவில், ரம்லி இப்ராஹிம் 1983இல் தொடங்கிய சூத்ரா இருக்கிறது. ஒடிசி நடனத்தையும் பரதத்தையும் இந்நாட்டின் எல்லா இனத்தாருக்கும் கொண்டுபோன நிறுவனம் அது. எங்கே போனாலும், சேர்க்கும் முன் ஒரு நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பாருங்கள். பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கால் தானாகத் தாளம் போடுகிறதா என்று கவனியுங்கள்.

குடும்பமாகப் போக இடம் கேட்டிருந்தீர்கள். செந்தூலில் குடியிருப்பது இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை. புத்ராஜெயா எம்.ஆர்.டி. ரயில் தடத்தில் செந்தூல் பாராட்டில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கோலாலம்பூர் மருத்துவமனை. அங்கிருந்து தேசிய கலைக்கூடம் பக்கம்தான். 1958இல் தொடங்கப்பட்டு, 1998 முதல் இப்போதைய கட்டடத்தில் இயங்கும் அந்தக் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளோடு போகும்போது எல்லாக் கூடங்களையும் சுற்றிவந்துவிட வேண்டும் என்று முனையாதீர்கள். இரண்டு பேரும் களைத்து அழத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் தரையில் உட்கார்ந்து, "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பென்சிலும் சின்னக் குறிப்பேடும் போதும். வண்ணங்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

அதே தடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் கொன்லே நிலையம். அங்கே கிராஃப் வளாகம் என்னும் கைவினை வளாகத்தில், துணியில் மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பாத்தேக் வண்ணம் தீட்டலாம். நகரத்தில் நான் குடும்பங்களுக்கு அதிகமாகப் பரிந்துரைப்பது இதைத்தான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பூவோ பறவையோ ஏற்கெனவே மெழுகுக் கோட்டால் வரைந்திருப்பார்கள். சாயத்தில் தோய்த்த தூரிகையின் நுனியை இதழின் நடுவில் வைத்தால் போதும். சாயம் தானாகவே நாற்புறமும் ஊர்ந்து, மெழுகுக் கோட்டைத் தொட்டதும் நின்றுவிடும். மெழுகில் எங்காவது மயிரிழை அளவு விரிசல் இருந்தால் அதன் வழியாகச் சிவப்பு கசிந்து பக்கத்து இதழுக்குப் போய்விடும். பிள்ளைகள் அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இதுவும் பிறர் வரைந்த கோடுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஆனால் இங்கே சாயத்துக்கென்று ஒரு போக்கு இருக்கிறது, பிள்ளை அதனோடு பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும். ஈரம் காயுமுன் இன்னொரு வண்ணத்தைத் தொட்டு வைத்தால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று பிறக்கும். அது எதுவாக இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான்கு வயதுப் பையனும் லாரி ஓட்டும் அப்பாவும் ஒரே மேசையில் ஒரே அளவு தடுமாறுவார்கள். எட்டு வயதுப் பெண்ணுக்கு அதைப் பார்ப்பதே பெரிய தைரியம் தரும்.

இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு என்றாலும் ஒருமுறை போய் வாருங்கள். புள்ளிக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்கு அங்குள்ள நட்சத்திர வடிவங்கள் பழகிய முகங்களாகத் தெரியும்.

மாமனாரை மறக்காதீர்கள். பேரப்பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துத்தான் அவர் டியூஷன் என்கிறார். அவரோடு வாதிட வேண்டாம், கூட அழைத்துப் போங்கள். செந்தூல் பார்க்கில் 2005இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் நிகழ்கலை மையம், ரயில்வே காலத்துப் பழைய செங்கல் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து எழுப்பியது. பிள்ளைகளுக்கான நாடகப் பயிற்சி அங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. பயிற்சியில் சேர்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு மாலையில் எல்லோரும் அந்த இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பட்டறையில் வேலை செய்த மனிதருக்கு அந்தச் செங்கல்லைக் கண்டதும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். எஞ்சின் எப்படி இருந்தது, இரும்புத் தகட்டில் சுண்ணக்கட்டியால் எப்படிக் கோடு போட்டு அளந்தார்கள் என்று பேத்தியிடம் வரைந்து காட்டச் சொல்லுங்கள். அவருக்குக் குருத்தோலையில் தோரணம் மடிக்கத் தெரிந்திருந்தால், ஒரு சனிக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம்; அதற்கு எந்த மையத்துக்கும் போக வேண்டியதில்லை. ஓலையைக் கிழிக்காமல் கிளி மடிப்பதில் இருக்கும் கணக்கும் பொறுமையும் டியூஷன் வகுப்புக்குச் சளைத்தவை இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு வகுப்புக் கட்டணம், பெட்ரோல், கார் நிறுத்தும் செலவு, உடை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு கட்டண வகுப்பு போதும். மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளில் ஒன்றைக் கலைக்கூடம் போன்ற கட்டணமில்லாத இடத்துக்கும், ஒன்றைக் கட்டணம் கொடுத்துச் செய்யும் பாத்தேக் போன்ற வேலைக்கும், ஒன்றை வீட்டில் தரையில் பழைய மாதக் காலண்டரின் வெற்றுப் பக்கத்தை விரித்து வரைவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதைச் சும்மா விட்டுவிடுங்கள். ஷிப்டு வேலை செய்கிறவர்களுக்கு உறக்கமும் வேண்டும். ரயிலில் அடிக்கடி போவதாக இருந்தால் 50 வெள்ளி (ரிங்கிட்) மாதப் பயண அட்டை பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

கடைசியாகப் பேரங்காடிப் போட்டி. மகளுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். அவளுக்கு ஆசை இல்லையென்றால் பெயரைக் கொடுக்க வேண்டாம். போனால், தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு "வானத்தை இன்னும் தேய்" என்று சைகை காட்டாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்களும் கணவரும் பையனோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, எதிரே தெரிவதை ஆளுக்கொரு தாளில் வரைந்துகொண்டிருங்கள். வெளியே வந்ததும் பரிசு கிடைக்குமா என்று பேச வேண்டாம். உங்கள் மூன்று தாள்களையும் அவளிடம் காட்டுங்கள். எது யாருடையது என்று அவள் கண்டுபிடிக்கட்டும்.